மூக்கன் எழுதிவைத்த எண்

ஏற்காட்டில் டிசம்பர் மாதம் துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. நீங்கள் சேலத்திலிருந்து விசாரணைக்கு வந்திருக்கிறீர்கள் மேடம், உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். காலையில் கொடியில் போட்ட சட்டையை மாலையில் எடுத்தால் இன்னும் கொஞ்சம் கனமாக இருக்கும். நான் அயர்ன் பாக்ஸை வைத்துத் தேய்த்தே காயவைத்துக்கொள்வேன். ஈரச் சட்டையோடு ஒரு நாளும் ஆபீஸ் போனதில்லை.

சட்டைக்கே இந்த நிலைமை என்றால் காபிக்கொட்டையை யோசித்துப் பாருங்கள். களத்தில் பரப்பிவிட்டு வெயிலுக்குக் காத்திருந்தால் பூஞ்சைதான் வரும். அதனால்தான் எஸ்டேட்காரர்கள் டிரையர் வாங்க ஆரம்பித்தார்கள். ஒரு பெரிய உருளை, அதற்குள் கொட்டை சுழலும். கீழே கேஸ் பர்னர். பர்னரின் சூட்டை ஒரு ஃபேன் உள்ளே தள்ளும். எப்போது எரியவேண்டும், எப்போது அணையவேண்டும் என்று சொல்வதற்கு மெஷினின் முன்பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதில் உள்ளங்கை அளவு திரை. அந்தப் பெட்டிக்குள் ஓடும் புரோகிராமை எழுதுவது எங்கள் கம்பெனி. மொத்தம் ஏழு பேர். எல்லாரும் எழுதியதைச் சேர்த்துக் கட்டி மெஷின்களுக்கு அனுப்புவது என் வேலை. ஜெப்சன் கையிலிருந்து போனால் சரியாக இருக்கும் என்று பெயர். பதினோரு வருடத்தில் சம்பாதித்த பெயர்.

அந்தப் பெயரைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

எங்கள் முதலாளி கிறிஸ்துதாஸ் சார் சர்ச் பாடகர் குழுவின் தலைவர். யார் சுருதி விலகினார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். ஆபீஸிலும் அதே பழக்கத்தைக் கொண்டுவந்தார். புரோகிராமில் ஒவ்வொரு பகுதிக்கும் எழுதியவர் பெயரைச் சேர்த்தே வைக்கவேண்டும். பிரிஸ்கில்லா எழுதியது என்றால் பிரிஸ்கில்லா என்றே தொடங்கும். வாரத்தில் எந்த எஸ்டேட்டிலாவது புரோகிராம் பாதியில் விழுந்தால், அதாவது ஓடாமல் நின்றுபோனால், பெட்டி ஒரு ரிப்போர்ட் அனுப்பும். திங்கட்கிழமை காலை ஜெபம் முடிந்ததும் சார் அந்த ரிப்போர்ட்டுகளை வாசிப்பார். யார் பகுதியில் விழுந்ததோ அவர் எழுந்து, "என்னோடதுங்க சார்" என்று சொல்லவேண்டும். திட்டு கிடையாது. "சரி, கையோட திருத்திருங்க" என்பார். ஒரே ஒரு தண்டனை, அன்றைக்கு எல்லாருக்கும் டீ ஊற்றிக் கொடுக்கவேண்டும்.

பிரிஸ்கில்லா வாராவாரம் ஊற்றுவாள். அதிகமாக எழுதுகிறவள், அதனால் அதிகமாக விழும். சிரித்துக்கொண்டே ஊற்றுவாள். "என் டீக்கு நீங்கெல்லாம் அடிமை ஆயிட்டீங்க, அதனாலதான் என் கோட்லயே விழுது" என்பாள். நான் பதினோரு வருடத்தில் இரண்டே முறை ஊற்றியிருக்கிறேன். இரண்டும் முதல் வருடத்தில்.

இப்போது ஒரு சின்ன விளக்கம். நாங்கள் எழுதுவது, அதைச் சோர்ஸ் என்போம், மனிதர் படிக்கிற மாதிரி இருக்கும். கம்பைலர் என்ற ஒன்று அதை மெஷினுக்குப் புரிகிற எண்களாக மாற்றும். மாற்றும்போது, எந்த எண் எந்த வரியிலிருந்து, யாருடைய பகுதியிலிருந்து வந்தது என்று ஒரு பட்டியலையும் கூடவே ஒட்டிவைக்கும். புரோகிராம் விழுந்தால் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் பெட்டி பெயரைச் சொல்லும். பட்டியல் இல்லாவிட்டாலும் மெஷின் ஓடும், ஒரு குறையும் தெரியாது. விழும்போது மட்டும் பெயருக்குப் பதில் எண்ணும் இங்கிலீஷ் எழுத்தும் கலந்த எட்டு எழுத்துத் தொடர் ஒன்று திரையில் வந்து நிற்கும். அதைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லமுடியாது.

ஆகஸ்டில் கம்பைலரைப் புதிய பதிப்புக்கு மாற்றினோம். பழையது காலாவதியாகிவிட்டது, மாற்றியே ஆகவேண்டும். சுதந்திர தின விடுமுறையில் நானே உட்கார்ந்து மாற்றினேன். மாற்றிக் கட்டிப் பார்த்தால் பைல் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. ஏன் என்று ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். கேட்டால் ஒழிய பெயர்ப் பட்டியலைப் புதிய கம்பைலர் ஒட்டுவதில்லை. செட்டிங்கில் ஒரு வரி சேர்த்தால் போதும், பழையபடி வந்துவிடும்.

அந்த வரியை நான் சேர்க்கவில்லை.

இதில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது, எழுதிக்கொள்ளுங்கள். கொட்டச்சேடு, செம்மநத்தம் பக்கமெல்லாம் சிக்னல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. முன்பு ஒரு எஸ்டேட்டுக்கு பைல் இறங்க நாற்பது நிமிடம் ஆகும், பாதியில் அறுந்துபோகும். இப்போது எட்டே நிமிடம். கிறிஸ்துதாஸ் சார் அந்தத் திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் என் தோளைத் தட்டினார். பாராட்டு வாங்கிய பிறகு, இது குறைபாட்டால் வந்த நன்மை என்று எழுந்து சொல்வதற்கு ஒரு தனித் துணிச்சல் தேவைப்படுகிறது. அது என்னிடம் இல்லை.

செப்டம்பரில் பிரிஸ்கில்லாதான் முதலில் கவனித்தாள். "அண்ணா, ரிப்போர்ட்ல பேரே வர மாட்டேங்குது. வெறும் நம்பராத்தான் வருது" என்றாள். சீசன் நெருங்குகிறது, இப்போது கட்டமைப்பைத் தொடவேண்டாம் என்றேன். அக்டோபரில் மறுபடி கேட்டாள். சிக்னல் என்றேன். சார் தலையாட்டினார். திங்கட்கிழமைகள் அமைதியாகிவிட்டன. எண்ணை வாசித்தால் யார் எழுந்து நிற்பது? டீயை ஆளாளுக்கு ஊற்றிக்கொண்டோம். உண்மையைச் சொன்னால், அந்த மூன்று மாதம் போல ஆபீஸ் சந்தோஷமாக இருந்ததே இல்லை.

டிசம்பர் நான்காம் தேதி காலை கொட்டச்சேட்டில் ஒரு எஸ்டேட்டில் டிரையரின் புரோகிராம் விழுந்தது. விழுந்து தானாக மறுபடி எழுந்தபோது 'டமார்' என்று சத்தம். உருளையின் மூடி பிய்த்துக்கொண்டு எதிர்ச் சுவரில் போய் அடித்தது. உள்ளே இருந்த கொட்டை முழுக்கக் கரி. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. டிரையரைப் பார்த்துக்கொள்கிறவர் பெயர் மூக்கன், ஆறு வருடமாக அதே மெஷின். அவர் அப்போது விறகுக் கொட்டகை ஓரமாக நின்றிருந்தார். குடித்துவிட்டுக் கேஸைக் கையால் திறந்துவிட்டார் என்று மேனேஜர் வெங்கடாசலம் அன்று மாலையே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

எட்டாம் தேதி, திங்கட்கிழமை. சார் ரிப்போர்ட்டை வாசித்தார், எட்டு எழுத்து. பிரிஸ்கில்லா கையைத் தூக்கினாள்.

"சார், ஆகஸ்ட்ல அனுப்பின சோர்ஸை அப்படியே எடுத்து, பேரோட திரும்பக் கம்பைல் பண்ணினா அந்த நம்பர் யாரோடதுன்னு தெரிஞ்சிரும். ஒரு ஆளோட வேலை போயிருக்குங்க சார்."

"அதே கம்பைலர், அதே செட்டிங் இருந்தாத்தான் எண் பொருந்தும்" என்றேன். "நானே பார்த்துச் சொல்றேன்."

பார்த்தேன். பகல் பதினொன்றே கால் மணி. பெயர் வந்தது. ஜெப்சன் என்று தொடங்கியது.

என்ன வரி என்று பார்த்தவுடன் புரிந்துவிட்டது. டிரையருக்குள் சூட்டை அளக்கும் சென்சார் ஒன்று உண்டு. பனி இறங்கும் காலையில் ஈரம் பட்டுச் சில நொடி அது ஒன்றுமே சொல்லாமல் இருக்கும். ஒன்றும் சொல்லாவிட்டால் கேஸை மூடு என்று அங்கே ஒரு சோதனை இருந்தது. போன ஏப்ரலில், தேவையில்லாத வரி என்று நானே அதை எடுத்துவிட்டேன். வெயில் காலத்தில்தான் எடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. இப்போது சென்சார் பேசாவிட்டால் புரோகிராம் அப்படியே விழும். விழும்போது தீ அணைந்துவிடும், கேஸ் வால்வு மட்டும் திறந்தபடி இருக்கும். ஒரு நிமிடம் கழித்து புரோகிராம் எழுந்து, வழக்கம்போல முதல் வேலையாகப் பர்னரைப் பற்றவைக்கும். அந்த ஒரு நிமிடம் கேஸ் போய்க்கொண்டே இருக்கும்.

மறுபடி போய்ப் பிரிஸ்கில்லாவிடம், "பொருந்தலை" என்றேன். இந்த விஷயம் முழுவதிலும் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். ஒரே சொல்.

திருத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயம். மூன்று வரி எழுதினால் தீர்ந்தது. ஆனால் எங்கள் கம்பெனியில் யார் எதை மாற்றினாலும் இன்னொருவர் படித்துப் பார்க்கவேண்டும், திங்கட்கிழமை ஏன் மாற்றினோம் என்று சொல்லவேண்டும். டிரையர் வெடித்த நான்காம் நாள் நான் சென்சார் சோதனையைத் திரும்ப வைத்தால் ஏன் என்று கேட்க பிரிஸ்கில்லாவுக்கு அரை நிமிடம் போதும். ஜனவரி இருபத்து நான்காம் தேதி சீசன் முடிவு மாற்றங்கள் மொத்தமாகப் போகும். இருநூறு முந்நூறு வரி மாறும், அதில் மூன்று வரியை யாரும் கேட்கமாட்டார்கள். அதுவரை பொறுப்பது என்று முடிவு செய்தேன். பனி எல்லா நாளும் ஒரே மாதிரி இறங்காது. சென்சார் எல்லாப் பனிக்கும் வாயடைத்துப் போகாது. கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்தேன்.

அடுத்த வாரம் மூக்கன் ஆபீஸுக்கு வந்தார். எல்லாரும் கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகைக்கு சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். நான் மட்டும் இருந்தேன்.

"ஏனுங்க, ஜெப்சன் சாருங்கறது..."

"நான்தாங்க."

"கும்புடறேனுங்க. கொட்டச்சேட்டு மூக்கனுங்க. டிரையரு மூக்கன்."

"உக்காருங்க."

"இருக்கட்டுங்க. குடிச்சிருந்தேன்னு மேனேசரு சொல்றாருங்க. நான் குடிக்கவே மாட்டேன்னு சொல்லுலீங்க. ஞாயித்துக்கெழம சாயங்காலம் உண்டு. ஆனா டிரையருகிட்ட நின்னா தண்ணிகூடக் குடிக்கறதில்லீங்க, ஒண்ணுக்குப் போகோணும், மெசின உட்டுப் போக முடியாதுன்னு. அப்பேர்ப்பட்ட நானுங்க."

சட்டைப் பையிலிருந்து தினசரிக் காலண்டர் தாள் இரண்டை எடுத்து மேசையில் வைத்தார். பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தது. இரண்டிலும் அதே எட்டு எழுத்து.

"இது நவம்பரு இருவதுங்க. அன்னிக்கு 'டப்'புன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். யாருகிட்டயும் சொல்லுல. இது டிசம்பரு நாலு. எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க. கோலத்தப் பாத்து வரையறாப்பல வரைஞ்சு வெச்சேன். ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு வெளிச்சத்துல பாருங்க. ஒரே எட்டு. மனுசன் பண்ற தப்பு ஒருநா இப்பிடி இருக்கும், ஒருநா அப்பிடி இருக்கும். வந்து வந்து ஒரே எடத்துல உழுகறது மனுசன் இல்லீங்களே."

இந்தக் கம்பெனிக்கு முன்பு இருந்ததையும் சேர்த்துப் பதினேழு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒரு பிழையை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. எங்கள் ஆபீஸில் வேலைக்குச் சேரக் கேட்டிருந்தால் நானே சிபாரிசு செய்திருப்பேன்.

"ரெண்டு தடவைங்கறது தற்செயலாக்கூட இருக்கலாங்க" என்றேன். "மூணாவது தடவை வந்தா எழுதி எடுத்துக்கிட்டு வாங்க. அப்பப் பார்த்துச் சொல்லிடலாம்."

"என்னத்தான் உள்ளயே உடறதில்லீங்களே."

"யார் எழுதினாலும் சரிங்க. எண் வந்தாப் போதும்."

தாள்களைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "இருக்கட்டுங்க சார், நம்மகிட்டயே" என்றார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"வேல போனாக்கூடப் பரவாயில்லீங்க. ஊடு போயிரும். லைன் ஊடுங்க. ஊட்டுல ஒருத்தராச்சும் எஸ்டேட்டு வேலையில இருந்தாத்தான் அந்த ஊடு. டிசம்பரு முடிய டைம் குடுத்திருக்காங்க. எம் பொண்ணு இலக்கியாவுக்கு மார்ச்சுல பன்னெண்டாவது பரீச்ச. சம்சாரம் முன்னாடி பழம் பறிச்சுட்டு இருந்தா, இடுப்புப் புடிச்சு மூணு வருசமாக் குனிய முடியறதில்ல. நின்னுட்டுச் செய்யற வேல ஏதாச்சும் இருந்தாச் செய்வா. எஸ்டேட்டுல நின்னுட்டுச் செய்யற வேல ஏதுங்க?"

அவர் போன பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. நான் கல்நெஞ்சன் இல்லை மேடம். வெங்கடாசலத்துக்குப் போன் செய்தேன்.

"டிரையருக்கு ஆள் போட்டாச்சுங்களா?"

"எங்கீங்க. மூடி மாத்தி மெசின் ரெடியா இருக்குதுங்க, ஆளுதான் இல்ல. சீசன் நேரத்துல யாரு சிக்கறாங்க."

"மூக்கன் சம்சாரத்தைப் போடுங்களேன். நின்னுக்கிட்டுச் செய்யற வேலைதானே. ஊடும் அவங்களுக்கு நிக்கும்."

"அட, இது நல்லாருக்கே. பொம்பளைன்னாக் குடிக்கவும் மாட்டா." சிரித்தார். பிறகு, "ஏனுங்க சார், மெசின்ல ஒண்ணும் கோளாறு இல்லீங்களே? ஒரு வார்த்த சொல்லிருங்க" என்றார்.

"ரிப்போர்ட்ல யார் பேரும் வரலீங்க" என்றேன்.

அது உண்மை. ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள், பெயர் இருக்காது.

இருபதாம் தேதி முதல் மூக்கனின் சம்சாரம் காவேரி டிரையரில் நின்றார். அந்தக் குடும்பம் கிறிஸ்துமஸுக்கு என் வீட்டுக்கு ஒரு பை நிறைய ஆரஞ்சு கொடுத்தனுப்பியது. அந்தப் பெண் இலக்கியாதான் கொண்டுவந்தாள். "அம்மா குடுத்துட்டு வரச் சொன்னாங்க சார். ஊடு போகாதுன்னு மேனேசர் சொல்லிட்டாரு" என்றாள். என் மனைவி சாரா அவளை உட்காரவைத்துக் கேக் கொடுத்தாள். அவள் போன பின்பு, "நீங்க இவங்களுக்கு இவ்வளவு செஞ்சிருக்கீங்க, எங்கிட்டச் சொல்லவே இல்லையே" என்றாள். நான் செய்த உதவியை நானே சொல்லிக்கொள்வதில்லை.

முன்னெச்சரிக்கையும் எடுத்தேன். அதே வாரம் எல்லா எஸ்டேட்டுக்கும் ஒரு ஸ்டிக்கர் அடித்து அனுப்பினேன். 'திரை நின்றுவிட்டால் பத்தடி தள்ளி நிற்கவும்.' சிவப்பு எழுத்து, சுத்தமான தமிழ். கிறிஸ்துதாஸ் சார் பார்த்துவிட்டு இது எதற்கு என்றார். பொதுவான பாதுகாப்புக்கு என்றேன். ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. புகைப்படத்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். பத்தடி தள்ளி நின்றால் திரையில் இருக்கும் எட்டு எழுத்து கண்ணுக்குத் தெரியாது என்று நேற்று நீங்கள் சொன்னீர்கள். அதுவும் சரிதான். ஸ்டிக்கரையும் மூக்கனிடம் நான் சொன்னதையும் ஒன்றாக வைத்து நான் யோசித்திருக்கவில்லை.

ஜனவரி எட்டாம் தேதி காலை ஏழரை மணி. அன்று நல்ல பனி. திரை நின்றது. பக்கத்தில் மூட்டை தைத்துக்கொண்டிருந்த பாவாயி என்ற அம்மாள், "காவேரி, தள்ளி வா புள்ள" என்று கூப்பிட்டிருக்கிறார். "இருங்கக்கா, நம்பர எழுதீட்டு வந்தர்றேன். இதக் கொண்டுபோயிக் குடுத்தாத்தான் அவரு பேரு தெளியுமாம்" என்று சொல்லியிருக்கிறார் காவேரி. திரை நின்றால் ஒரு நிமிடம் நிற்கும் என்று மூக்கன் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பழகிய கைக்கு அது போதும். காவேரி இங்கிலீஷ் எழுத்தை அதற்கு முன் எழுதியதில்லை.

ஆம்புலன்ஸ் காவேரியை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையின் இருபதாம் வளைவிலிருந்து கீழே இறங்கியது. பதினோராம் வளைவைத் தாண்டிய பிறகு அது அவசரப்படவில்லை என்று டிரைவர் சொன்னார். ஜனவரி இருபத்து நான்குக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது.

நான்கு நாள் கழித்து, பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை ஜெபம் முடிகிற நேரத்தில் மூக்கன் உள்ளே வந்தார். மொட்டை அடித்திருந்தார். யாரையும் கும்பிடவில்லை. மேசையில் மூன்று காலண்டர் தாளை வரிசையாக வைத்தார். மூன்றாவது தாளின் ஓரம் கருகியிருந்தது. அதில் எட்டுக்கு ஆறு எழுத்து இருந்தது. அந்த ஆறும் மற்ற இரண்டில் இருப்பதேதான்.

"மூணு வாட்டி ஆனாத்தான் பாக்க முடியும்னு இந்த சாரு சொன்னாருங்க" என்றார். "மூணு ஆயிருச்சுங்க."

பிரிஸ்கில்லா தாள்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எழுந்து தன் மேசைக்குப் போனாள். ஆகஸ்ட் சோர்ஸ், அதே கம்பைலர், கூடுதலாக ஒரு வரி. ஐந்து நிமிடம் யாரும் உட்காரவில்லை. அவள் திரும்பி வந்து நின்றபடி வாசித்தாள். நான் எழுதிய பகுதியின் முழுப் பெயரை, முதலில் இருக்கும் என் பெயரோடு, வரி எண்ணோடு வாசித்தாள்.

கிறிஸ்துதாஸ் சார் என்னைப் பார்த்தார். எழுந்து சொல்லவேண்டிய வாக்கியம் எல்லாருக்கும் தெரியும்.

"ஆகஸ்ட்ல கம்பைலர் மாத்தினோமில்லீங்களா சார், அதுல பேரெல்லாம் போயிருச்சு. அதனால வந்ததுதான் இது" என்றேன்.

"பேரு போனதுனால கேஸ் திறக்கலைங்கண்ணா" என்றாள் பிரிஸ்கில்லா. "நீங்க பார்த்தீங்க. பொருந்தலைன்னு சொன்னீங்க. இப்ப எனக்கு எப்படிப் பொருந்துது?"

மூக்கன் அவளிடம் திரும்பினார். "இவருக்குத் தெரியுமா கண்ணு? அன்னிக்கு நான் வந்து நின்னனே, அப்பவே தெரியுமா?"

அவள் அழுதுகொண்டிருந்தாள். சார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்திருந்தார். யாராவது ஏதாவது செய்யவேண்டும் போலிருந்தது. வழக்கம் என்ன என்று எனக்குத் தெரியும். கெட்டிலை எடுத்து எல்லாருக்கும் டீ ஊற்றினேன். முதல் டம்ளரை மூக்கனுக்கு நீட்டினேன். அவர் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூன்று தாளையும் அடுக்கி, பிரிஸ்கில்லாவின் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார். டீ நன்றாகத்தான் இருந்தது. ஒருவரும் குடிக்கவில்லை.

உங்களுக்குப் போன் செய்தது பிரிஸ்கில்லா என்று பின்னால் தெரிந்தது. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் பகுதியில் அந்தச் சென்சார் சோதனையை முதன்முதலில் எழுதிச் சேர்த்தவள் அவள்தான். ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்தால் வருத்தம் இருக்கத்தானே செய்யும்.

நேற்று மூன்று முறை கேட்டீர்கள், தெரிந்தே விட்டீர்களா என்று. நேரடியாகவே சொல்கிறேன். டிசம்பர் எட்டு, பகல் பதினொன்றே காலிலிருந்து எனக்குத் தெரியும். பிழை என்னுடையது, மூக்கன் குடிக்கவில்லை, பனி இறங்கினால் அந்த மெஷின் மறுபடி வெடிக்கும். மூன்றும் தெரியும். அதன்பின் முப்பத்தொரு நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும் என்றும் கேட்டீர்கள். வேலை போயிருக்காது. சார் திட்டியிருக்கக்கூட மாட்டார். ஏழு பேர் முன்னால் ஒரு தடவை எழுந்து நின்றிருக்கவேண்டும், அவ்வளவுதான்.

இந்தத் தாளில் என் கையெழுத்து இருந்தால் மூக்கன்மேல் போட்ட குடிப்பழி நீங்கும், அவருக்கு வேலை திரும்பும், மகள் பரீட்சை எழுதும்வரையாவது அந்த வீடு அவர்களிடம் இருக்கும் என்று சொன்னீர்கள். சந்தோஷம். கையெழுத்துப் போடுகிறேன். நீங்கள் டைப் செய்ததை முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்த்தேன். தேதி, நேரம், வரி எண் எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டீர்கள். என்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல இந்தக் கதையில் இருப்பது அது ஒன்றுதான், அதனால் கேட்கிறேன்.

காவேரிக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது நான்தான் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள் மேடம்.